எண்பத்தெட்டுக்கு ஒரு சுவர்

கடல் தாண்டி வந்த துரைமார் ஊரை ஆண்டுகொண்டிருந்த காலம். ஆள்வது துரை. ஆளப்படுகிறோம் என்பது ஊருக்கு மறந்துவிடாதபடி தெருமுனையில் லத்தியோடு நிற்பது எண்பத்தெட்டு.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. போலீசில் சேர்ந்த அன்றைக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். வில்லையில் இருந்த எண்தான் அதற்குப் பிறகு ஆள். கூப்பிட்டாலும் எண், திட்டினாலும் எண். நாளாவட்டத்தில் பெண் கொடுத்த வீட்டிலேயே, "எண்பத்தெட்டு வந்திருக்கார், குடிக்கத் தண்ணி குடு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அந்த வில்லையை அவனுக்கு முன்னால் குத்தியிருந்தவன் வேலை பிடிக்காமல் ஒரு விடியற்காலையில் ஓடிப்போனவன். அதனால் கடைத்தெருவில் சிலர் இவனைப் பார்த்து, "இன்னும் ஓடலையா நீ?" என்று நலம் விசாரிப்பதும் உண்டு.

தெருமுனையில் நிற்பது என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. அவனால் நிற்க முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கால் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளாது. வாசலிலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து வாசல். நடக்க ஆரம்பிப்பதற்குள் திரும்ப வேண்டியிருந்ததால் பெரும்பாலும் திரும்பிக்கொண்டேதான் இருப்பான்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. சொன்னாலும் அதிகமாக நகர்ந்துவிடாது. மாதக் கடைசியில் ரைட்டர் மேஜைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். போலீஸ் நிலையத்தில் எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு வேலை, துரைக்குக் கோபம் வந்தால் அதைச் சுருக்கிச் சொல்லும் வேலை எல்லாமே ரைட்டருக்குத்தான். அவர் தலை நிமிராமல் படிப்பார்: சட்டைக்குப் பிடித்தம், பூட்ஸுக்குப் பிடித்தம், தலைப்பாகை மழையில் சாயம் போனதற்குப் பிடித்தம், சாயம் போன தலைப்பாகையோடு துரை கண்ணில் பட்டதற்குத் தனிப் பிடித்தம். மிஞ்சியதை வாங்கிக் கையை மூடினால் வெறும் கையை மூடின மாதிரியேதான் இருக்கும். துரையின் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வாங்குகிற செலவு இதைவிட அதிகம் என்று லாயத்தில் பேசிக்கொள்வார்கள். இருந்தாலும் குதிரைமேல் யாருக்கும் பொறாமை இல்லை. அதன் முதுகிலும் துரைதான் உட்கார்ந்திருந்தார்.

காவலர்கள் குடும்பத்தோடு இருந்த இடத்துக்கு லைன் என்று பெயர். உண்மையில் அது ஒரு பழைய சரக்குக் கிடங்கு. உள்ளே வைத்தால் சரக்கு கெட்டுப்போகிறது என்று வியாபாரிகள் காலி செய்த பிறகு அரசாங்கம் காவலர்களைக் கொண்டுவந்து வைத்தது. நீளமாக ஒரே கூடம். தெருப்பக்கம் வரிசையாக வாசல்கள். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, பிரித்துத் தைத்த சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு சாக்குக்கும் அடுத்த சாக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு குடும்பம். முதல் வீடு ஏட்டய்யாவுக்கு. கடைசி வீடு எண்பத்தெட்டுக்கு. கடைசி என்பதால் அவனுக்கு ஒரு பக்கம் நிஜச் சுவர் கிடைத்தது. அந்தச் சுவருக்கு அப்பால் துரையின் குதிரை லாயம். லாயத்துக்குள் குதிரைக்குக் குதிரை நடுவில் செங்கல் தடுப்பு உண்டு. இல்லாவிட்டால் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளுமாம். காவலர் குடும்பங்கள் உதைத்துக்கொள்ளாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்களோ தெரியாது.

சாக்குப் பக்கம் இருந்தவர் இருமல். அவருக்கும் ஒரு எண் உண்டு. ஆனால் அவர் வருவதை எண்ணுக்கு முன்னால் இருமல் சொல்லிவிடும் என்பதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. அடுத்த வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

ஒரு சாயங்காலம் எண்பத்தெட்டு வழக்கம்போல் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்துமா ரோந்து?" என்றாள் மனைவி.

"நடந்தாத்தான் எனக்கு யோசனை ஓடும்."

"யோசனை ஓடட்டும். நீங்க உட்காருங்க. எனக்குத் தலை சுத்துது."

"உன்னை யாரு என்னையே பார்க்கச் சொன்னா?"

"இருக்கிறது இத்துனூண்டு இடம். இதுல உங்களைப் பார்க்காம வேற யாரைப் பார்க்கிறது?"

இதற்கு ஒரு நல்ல பதில் அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குள் சாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் தீர்ப்பும் வந்தது.

"தம்பி, தங்கச்சி சொல்றதுதான் நியாயம். உட்காருப்பா."

"நீங்க வாயை மூடுங்க," என்றது அதே பக்கத்திலிருந்து இன்னொரு குரல். இருமலின் மனைவி. "ஆம்பளை பகல் பூரா வெயில்ல காய்ஞ்சிட்டு வர்றான். கொஞ்சம் நடந்தா என்ன குறைஞ்சுபோச்சு? நான் இந்த மாதிரி ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருப்பேனா?"

"நீ கேட்காததா? எனக்கு இருமல் பிடிச்சதே நீ கேட்டுக் கேட்டுத்தான்."

அதற்கும் அடுத்த சாக்கில் யாரோ சிரித்தார்கள். அதற்கும் அடுத்த சாக்கிலிருந்து, "இங்க சரியா விழலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை கிடங்கின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. எண்பத்தெட்டுக்கும் அவன் மனைவிக்கும் அதில் வேலை இல்லாமல் போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சந்தையில் மாட்டைத் தொலைத்தவர்கள் மாதிரி.

மறுநாள் காலையில் குழாயடியில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். நடக்கலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. குடத்தோடு போன மனைவி, தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்து மூட்டை கட்டினாள்.

"இப்ப என்ன ஆச்சுன்னு கிளம்பறே?" என்றான் எண்பத்தெட்டு, கூடவே நடந்துகொண்டு.

"எல்லாப் பொண்ணும் சந்தோஷமா இருக்கணும்னு புருஷன் வீட்டுக்கு வர்றா. எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. உங்ககூட நிம்மதியா ஒரு சண்டை போடணும். இங்க ஆரம்பிச்சா பாதியில பிடுங்கிட்டுப் போயிடறாங்க."

"அதுக்கு?"

"நடுவுல ஒரு சுவர் வரட்டும். அன்னிக்கு வர்றேன்."

"தங்கச்சி, நாங்க இனிமே பேச மாட்டோம்," என்றது சாக்கு.

அவள் சாக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் கொத்தனார். எண்பத்தெட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு வேண்டியதில்லை. பணி இல்லாத நேரமெல்லாம் மச்சான் வேலை செய்கிற இடத்துக்குப் போய், எழும்பிக்கொண்டிருக்கும் சுவரை ஒட்டி முன்னும் பின்னும் நடந்தான்.

"மாப்பிள்ளை, ஒரு இடத்துல நில்லுங்க. சாரம் ஆடுது," என்பார் மச்சான் மேலேயிருந்து. "ஊருக்கெல்லாம் சுவர் வைக்கிறவன் நான். என் தங்கச்சிக்கு வாய்ச்சது சாக்கு. நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அவ என்ன சொல்றா?"

"சாப்பிடறா, தூங்கறா. கேட்டா, சுவர்ங்கறா. நானே வந்து வச்சுத் தர்றேன்னு சொன்னேனே. என் செங்கல், என் கூலி. உங்களுக்கு என்ன கேடு?"

கேடு ஒன்றுமில்லை. எண்பத்தெட்டு அதற்கு அனுமதி கேட்டு நிலையத்தில் கை கட்டி நின்றுதான் பார்த்தான். மேலிடத்துப் பதிலை ரைட்டர் மொழிபெயர்த்துச் சொன்னார்: அரசாங்கக் கட்டடத்துக்குள் சுவர் இருந்தால் அது அரசாங்கச் சுவராக இருக்க வேண்டும், அரசாங்கத்துக்குத் தற்சமயம் சுவர் தேவைப்படவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கமிட்டி வந்தது. புதிதாகச் சேரும் காவலர்கள் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஓடுகிறவர்களைப் பிடிக்க அனுப்பப்பட்டவர்களும் ஓடினார்கள். கீழ்நிலைக் காவலன் என்ன வாங்குகிறான், எங்கே படுக்கிறான் என்று நேரில் பார்த்துவர ஒரு கமிட்டி போட்டார்கள். மற்ற துரைகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாததால் ஒரே ஒரு துரை கமிட்டியாக வந்து இறங்கினார். நாளைக்குக் காலையில் லைனைப் பார்ப்பார் என்று ஏட்டய்யா எல்லாரையும் வாசலில் கூட்டிச் சொன்னார்.

"எல்லாரும் தரையை மெழுகுங்க. பாத்திரத்தை விளக்குங்க. கட்டிலுக்கு ஆள் தயாரா இருக்கட்டும்."

கட்டில் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு ஒரு கட்டில் கொடுத்திருந்தது. கரையானுக்கு அரசாங்கம் என்றெல்லாம் பயம் கிடையாது. ஏட்டய்யா வீட்டுக் கட்டில் ஒன்றுதான் தப்பிப் பிழைத்தது. ஆனால் சோதனைக்கு எந்தத் துரை வந்தாலும் வீட்டுக்கு வீடு கட்டில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அதற்கும் பிடித்தம். ஆகவே லைனில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். துரை ஒரு வாசலைவிட்டு வெளியே வந்து அடுத்த வாசலுக்குப் போவதற்குள், உள்ளே சாக்கைத் தூக்கி, கட்டிலை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். விரிப்பும் தலையணையும் அதோடேயே போகும். அதற்கு ரோந்துக் கட்டில் என்று பெயர். அந்த வேலையில் எண்பத்தெட்டை மிஞ்ச ஆள் இல்லை.

அவன்தான் இன்றைக்கு வாயைத் திறந்தான்.

"ஏட்டய்யா, இந்தத் தடவை கட்டில் வேணாம்."

"ஏன்டா?"

"துரை நம்ம கஷ்டத்தைப் பார்க்கத்தானே வர்றார்? நாம கட்டிலைக் காட்டினா, சுகமா இருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிடுவார். உள்ளதை உள்ளபடி காட்டுவோம். சாக்கைப் பார்க்கட்டும். ஒழுகற கூரையைப் பார்க்கட்டும். அப்பவாவது ஒரு சுவர் வருதா பார்ப்போம்."

"உள்ளதைக் காட்டச் சொல்றியா? துரைக்கா?" ஏட்டய்யாவுக்கு அது ஏதோ உடம்பைக் காட்டச் சொன்ன மாதிரி இருந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல உள்ளதைக் காட்டி எவன்டா உருப்பட்டிருக்கான்?"

"பொஞ்சாதி போன வலி, பாவம், பேசறான்," என்றார் இருமல், உதவி செய்கிற எண்ணத்தில்.

"எனக்கு மட்டுமா அண்ணே?" என்றான் எண்பத்தெட்டு. " உங்க வீட்ல உலை கொதிக்கிறது எனக்குக் கேட்குது. நான் நினைக்கிறது உங்களுக்குக் கேட்குது. எல்லாருக்கும்தானே சுவர்? சம்பளமும் ஏறலாம்."

சம்பளம் என்றதும் கூட்டம் கிட்டே நெருங்கி வந்தது. இல்லாத கட்டிலை இருப்பதாகக் காட்டுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை, பழக்கம் போதும். இல்லை என்று காட்டுவதற்குத்தான் தைரியம் வேண்டும். கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள். கட்டில் ஏட்டய்யா வீட்டிலேயே கிடக்கும். யாரும் தொடக் கூடாது. இருமல் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, அந்த வேகத்தில் வெகுநேரம் இருமினார்.

அதற்குப் பிறகு எண்பத்தெட்டால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மச்சான் வீட்டு வாசல் வரைக்கும் போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தான். இடுப்பு வாரின் பித்தளையைத் தேய்க்கக் கை துறுதுறுத்தது. தேய்க்கக் கூடாது என்று கையை அக்குளில் சொருகிக்கொண்டான். தரையில் குழி இருந்தது. அதை மண் போட்டு நிரப்பினான். நிரப்பிய பிறகு, உள்ளது உள்ளபடி என்று சொன்னது ஞாபகம் வந்து திரும்பத் தோண்டினான். தோண்டிய குழி பழைய குழியைவிடப் பெரிதாகிவிட்டது. அது பொய்க் குழியாகிவிடுமோ என்று அதற்கொரு கவலை.

காலையில் கமிட்டி துரை வந்தார். பக்கத்தில் ரைட்டர், பின்னால் கைக்குட்டையும் குடையும் பிடித்த சேவகர்கள். முதல் வீடு ஏட்டய்யாவுடையது. வெளிச்சமும் காற்றும் கொஞ்சம் உள்ள வீடு. கட்டில் வழக்கமான இடத்தில் கிடந்தது. துரை அதைப் பார்த்துத் தலையாட்டி, ஏதோ சொன்னார்.

"கட்டில் நல்லா இருக்குன்னு சொல்றார்," என்றார் ரைட்டர்.

அவ்வளவுதான். அந்த ஒரு பாராட்டில் கட்டுப்பாடு உடைந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் வாசலில் விறைப்பாக சல்யூட் அடித்து நின்றார். உள்ளே அவர் மனைவிக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது: ஏட்டு வீட்டில் கட்டில் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை, மற்ற வீட்டுக்காரிகள் நம்மைத் தாண்டியாவது வாங்கிக்கொள்வார்கள், மாட்டப்போவது நாம் மட்டும்தான். சாக்கைத் தூக்கினாள், இழுத்தாள். அவள் இழுத்ததைப் பார்த்து மூன்றாவது வீடு இழுத்தது.

கடைசி வீட்டில் நின்ற எண்பத்தெட்டுக்குத் தரையில் கட்டில் கால் உராயும் சத்தம் கேட்டது. முதலில் அவன் நம்பவில்லை. அந்தச் சத்தம் நின்றது, துரையின் பூட்ஸ் சத்தம் நகர்ந்தது, மறுபடியும் உராய்ந்தது. கூடம் நெடுக அது ஒவ்வொரு சாக்காக நெருங்கி வந்தது. அவன் நடந்தான், திரும்பினான், நடந்தான்.

துரை இருமல் வீட்டை விட்டு வெளியே வந்தார். சாக்கு மேலெழும்பியது. கட்டிலின் தலைமாடு உள்ளே நுழைந்தது.

"வேணாம் அண்ணே," என்றான் எண்பத்தெட்டு அடித்தொண்டையில், கட்டிலைத் திருப்பித் தள்ளிக்கொண்டு.

"பிடி தம்பி," என்றார் இருமல், இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு. "எல்லார் வீட்லயும் பார்த்துட்டு வர்றார். உன் வீட்ல மட்டும் இல்லைன்னா உன்னைத் தொலைச்சிடுவார்."

"நேத்து தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே."

"என் தலைதானே, நான் பார்த்துக்கறேன். நீ பிடி."

கட்டில் பாதி இந்த வீட்டிலும் பாதி அந்த வீட்டிலுமாக ஆடியது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எண்பத்தெட்டு தன்னைக் கேட்டுக்கொள்ளாமலே ஒரு காரியம் செய்தான். கட்டிலை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தான், விரிப்பின் சுருக்கத்தை நீவினான், தலையணையை நிமிர்த்தினான், சாக்கை இறக்கிவிட்டான், குதிகால் சேர்த்து சல்யூட் அடித்தான். கைகள் வேலையை முடித்துவிட்டுப் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான், என்ன செய்தோம் என்பது அவனுக்கே தெரிந்தது.

துரை உள்ளே குனிந்து வந்தார். குழியைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்து முகம் மலர்ந்து பேசினார்.

"எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி கட்டில், ஒரே மாதிரி விரிப்பு, கட்டில் கால்ல கீறல்கூட ஒரே இடத்துல இருக்கு, இந்த ஒழுங்கை வேற எங்கயும் பார்த்ததில்லைங்கறார்," என்றார் ரைட்டர். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வர நினைத்து, சம்பளம் ஞாபகம் வந்து நின்றுவிட்டது. "உனக்குக் குறை ஏதாவது இருக்கான்னு கேட்கறார். இல்லைதானே?"

இல்லை என்றால் முடிந்தது. துரை குதிரை ஏறுவார், எழுதுவார், போவார். சாக்கு தொங்கும். மனைவி மச்சான் வீட்டிலேயே இருப்பாள், சாப்பிடுவாள், தூங்குவாள், சுவர் என்பாள். எண்பத்தெட்டின் கால் விரல்கள் பூட்ஸுக்குள் நடந்துகொண்டிருந்தன.

"இந்தக் கட்டில் என்னுது இல்லைங்க துரை," என்றான்.

ரைட்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடலாமா என்று யோசித்தார். ஆனால் துரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லித் தொலைத்தார்.

"பின்னே யாருதுன்னு கேட்கறார்."

ஏட்டய்யா துரைக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினார். இது ஏட்டய்யா கட்டில் என்று சொன்னால் ஏட்டய்யாவும் போனார், லைனும் போயிற்று. இத்தனை வீட்டுப் பிடித்தத்துக்கும் அவன் ஒருவன் பொறுப்பாக வேண்டும். சுவர் கேட்க வந்தவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"பக்கத்து வீட்டோடது துரை."

"பக்கத்து வீட்டில் இப்போதுதானே கட்டிலைப் பார்த்தோம்?" என்று துரை திரும்பி வெளியே போய், இருமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் இருமல் இருந்தார்.

"உன் கட்டில் எங்கேன்னு கேட்கறார்," என்றார் ரைட்டர்.

இருமல் துரையைப் பார்த்தார், ஏட்டய்யாவைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக இருமலைத் தேடினார். அது வரவில்லை.

"இப்ப இங்கதான் இருந்துச்சுங்க," என்றார். "காணோமே."

துரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கமிட்டி வந்திருக்கும்போதே, கமிட்டி கண்ணெதிரிலேயே, ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடக்கிற நேரத்துக்குள், ஒரு போலீஸ்காரன் இன்னொரு போலீஸ்காரன் கட்டிலைத் திருடிவிட்டான். தானே ஒப்புக்கொண்டும் விட்டான். துரை சாக்கைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். எவ்வளவு சுலபம் என்று வியந்து நாக்கைச் சொடுக்கினார்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டதால் வேலை போகவில்லை. சட்டைக் கையில் தைத்திருந்த நன்னடத்தைப் பட்டையைப் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். பட்டையோடு அதற்கென்று சம்பளத்தில் சேர்ந்திருந்த சொற்பமும் போயிற்று. லைனில் யாரும் அவனைத் திட்டவில்லை. எல்லாரும் அவனிடம் மிகவும் பிரியமாக இருந்தார்கள். அதுவே அவனுக்குத் தாங்கவில்லை.

"நீ மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் செத்தோம்," என்றார் இருமல்.

"நான் சொன்னது உண்மைதானே அண்ணே? கட்டில் என்னுது இல்லையே."

"ஆமா. ஆனா பாதியோட நிறுத்தினே பாரு, அதுல இருக்கு உன் பெருந்தன்மை."

கமிட்டி துரை ஊருக்குப் போய்த் தன் முடிவைச் சொன்னார். அதையும் ரைட்டர்தான் மொழிபெயர்த்தார். காவலர்கள் கட்டில், விரிப்போடு வசதியாக வாழ்கிறார்கள். சம்பளம் போதுமானது. ஓடிப்போகிறவர்கள் ஓடுவது கால் கொழுப்பால். ஒரு குடும்பத்தின் பொருளை இன்னொரு குடும்பம் சுலபமாக எடுக்க முடிவதுதான் லைனில் உள்ள ஒரே குறை. ஆகவே சாக்குகளை எடுத்துவிட்டு உடனடியாகச் செங்கல் சுவர் வைக்க வேண்டும்.

சுவர் என்ற சொல் ரைட்டர் வாயிலிருந்து வந்தபோது எண்பத்தெட்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினான்.

வேலையை எடுத்த கான்ட்ராக்டர் ஊரிலுள்ள கொத்தனார்களை எல்லாம் கூப்பிட்டார். மச்சானும் வந்தார். எண்பத்தெட்டு பணி முடிந்த கையோடு வந்து செங்கல் சுமந்தான், தண்ணீர் ஊற்றினான், குறுக்கும் நெடுக்கும் போய்ச் சாந்து குழைப்பவர்களைத் தடுக்கி விழவைத்தான். ஆனால் சுவர் அவன் நெஞ்சு உயரம் வந்ததும் மச்சான் கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

"என்ன மச்சான்? இன்னும் மேல போகணுமே."

"இல்லை மாப்பிள்ளை. இவ்வளவுதான்."

"இவ்வளவுதான்னா?"

"தடுப்புச் சுவருக்கு ஆபீஸ்ல ஒரே ஒரு படம்தான் இருந்துச்சாம். லாயத்துக்குப் போட்டது. அதையே இதுக்கும் பாஸ் பண்ணிட்டாங்க. காசு குதிரை உயரத்துக்குத்தான் வந்திருக்கு."

"நாலு வரி கூட வச்சிடுங்க. உங்க செங்கல்ல. யாரு பார்க்கப் போறா?"

"ஏன், உங்க கையில மிச்சம் இருக்கிற சட்டையையும் கழட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்றார் மச்சான். பிறகு குரல் தணிந்து, "நான் அவகிட்ட என்னத்தைச் சொல்ல? சுவர்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?" என்றார்.

என்ன சொன்னாரோ, மறுநாள் மத்தியானம் அவளே வந்துவிட்டாள். இடுப்பில் மூட்டை. வாசலில் செருப்பைக்கூட விடவில்லை. உள்ளே நின்று சுவரைப் பார்த்தாள். சுவருக்கு மேலே இருமல் மனைவியின் முகம் தெரிந்தது.

"வந்துட்டியா தங்கச்சி? நல்லாயிருக்கியா? நான் எதையும் கேட்கலை, பார்க்கலை," என்று சொல்லி அந்த முகம் அமிழ்ந்தது.

எண்பத்தெட்டு சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தான்.

"உட்கார்ந்து பாரு," என்றான் அவசரமாக. "உட்கார்ந்தா தெரியாது. நின்னாத்தான் தெரியும். உட்கார்ந்தா தனிக்குடித்தனம். நின்னா மட்டும்தான் கூட்டுக்குடித்தனம்."

"அப்ப நான் ஆயுசுக்கும் உட்கார்ந்தே குடும்பம் நடத்தணுமா?"

"நீ உட்காரு. எனக்கு நிக்கறது பழக்கம்தானே."

அவள் உட்காரவில்லை. அவன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை இருந்த இடத்தில் காக்கி வெளுக்காமல், சுற்றியுள்ள துணியைவிடப் புதிதாக இருந்தது.

"இது என்ன?"

"கழட்டிட்டாங்க."

"எதுக்கு?"

"கட்டில் திருடினேன்னு."

"திருடினீங்களா?"

"இல்லை. அவங்கதான் தள்ளினாங்க. நான் வேணாம்னு தள்ளினேன். துரை வந்தார். என்னுது இல்லைன்னு சொன்னேன். அதனால சுவர் வந்துச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். அவன் நடந்துகொண்டே முதலிலிருந்து சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. மூட்டையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சுவர் அவள் தலைக்கு மேலே போயிற்று.

"இப்படி வாங்க," என்றாள், சன்னமான குரலில். "உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்கன்னா."

உட்கார்ந்தான். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுப் பட்டையைத் தூக்கிக் குடுத்தீங்க?" என்று ஆரம்பித்தாள். "லைன்ல இருக்கிறவங்க எல்லாரும் பொய் சொன்னப்போ, உங்களுக்கு மட்டும் என்ன அரிச்சந்திரன் வேஷம்? சொன்னதுதான் சொன்னீங்க, முழுசாவாவது சொல்லியிருக்கக் கூடாதா? திருடன்னு பேர் வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே."

"நீதானே சுவர் கேட்டே?"

"நான் சுவர் கேட்டேன். திருடன் பொண்டாட்டின்னு பேர் கேட்டேனா?"

"அது அப்படி இல்லை..."

"பேசாதீங்க. நான் இன்னும் முடிக்கலை."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். யாரும் பிடுங்கிக்கொள்ள வரவில்லை என்று தெரிந்ததும் வசதியாகக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். வில்லை குத்தின நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். இடையில் அடுப்பைப் பற்றவைத்தாள். இடையில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சில பதில்கள் நன்றாகவே அமைந்தன.

பொழுது சாயும் நேரத்தில் மச்சான் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, வர்றியா, இருக்கியா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணே வர்றது," என்றாள் அவள், எழுந்திருக்காமல். "பாதிகூட ஆகலை. நீங்க போங்க."